கவ்விக்கு ஆள் தெரியாது

மாலை வெயில் உப்பளங்களின் மேல் சாய்ந்ததும் தூத்துக்குடி நடக்கத் தொடங்கிவிடும். கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டு வருவார். துறைமுகத்துப் பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவார். கல்லூரிப் பெண்கள் பேச்சை விடாமலே வருவார்கள். கடலை ஒட்டி வளைந்து போகிற நடைசாலையில் ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு பச்சைப் பொட்டு மின்னும். யாரும் ஓடுவதில்லை, யாரும் நிற்பதுமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே தூக்கத்தில் எழுந்து வந்து நடப்பது போலிருக்கும்.

ஜெர்மினாவும் அவள் கணவர் தஸ்நேவிஸும் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூட்டத்தில் நடக்கிறார்கள். வீட்டில் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசுவார்கள், வீட்டில் போடாத சண்டையையும் அங்கேதான் போடுவார்கள். ஆனால் சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மணிக்கட்டில் கட்டிய பட்டை அதிரும். "மூச்சை மெதுவாக விடுங்கள், ஜெர்மினா" என்று ஒரு தேன் குரல் சொல்லும். நாடியைப் பிடித்து ஆளையும் அறியும், ஆளின் மனசையும் அறியும் கருவி அது. புருஷன் பெண்டாட்டி ஒரு சண்டையை உருப்படியாகப் போட்டு முடிக்க விடாத சனியன் என்று அதை அவள் திட்டுவாள். அதைச் செய்து விற்கிற தடம் நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை என்பது வேறு கதை.

வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பது அவள் பொறுப்பு. கொஞ்ச காலமாக எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், துணியில் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு கவ்வி வேண்டும். ஒருத்தி பட்டை இடித்து வளையல் உடைகிறது என்றாள். மீன் ஏலம் விடுகிறவர் பட்டைக்குள் செதில் புகுந்து நாறுகிறது என்றார். மாமனார் கொடுத்த கடிகாரத்தைக் கட்ட இடமில்லை என்று ஒரு புது மாப்பிள்ளை முறையிட்டான். மற்றவர்கள் எல்லாரும் அரிப்பு என்றார்கள். இத்தனையையும் நிறுவனத்தின் பகுப்பான் எந்திரத்திடம் கொடுத்தால், அந்தப் பெரிய மூளை இரண்டு நாள் யோசித்துவிட்டு "காரணம்: வசதி" என்று துப்பியது.

"ஜெர்மினாம்மா, ஊருக்கே ஒரே நேரத்துல கையி அரிக்குமா?" என்றார் அவளுடைய மேலாளர் சுயம்புலிங்கம். "கவ்வி செய்ய நமக்கென்ன, செஞ்சிரலாம். காரணம் சொல்லாம மாநகர மன்றம் விடாது. உண்மையான காரணம் என்னன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அந்த உண்மை மறுநாளே உப்பு லாரி ஓட்டுகிற பால்வண்ணன் உருவத்தில் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது. பால்வண்ணனுக்கு வாட்டசாட்டமான உடம்பு, பஞ்சு மாதிரிக் குரல். கவ்வி வந்தால் இரண்டு வேண்டும் என்றார்.

"ஆளுக்கு ஒண்ணுதான அண்ணாச்சி? ரெண்டு என்னத்துக்கு?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எங்க மதினிக்கு." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யக்கா, நீங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கியளா?"

"போயிருக்கேன். எங்க மாமியாரு நேந்துக்கிட்டது. அவ்வோளுக்குக் கால் முடியல, நான் நடந்தேன்."

"மாதா ஒத்துக்கிட்டாவல்லா?"

"ஒத்துக்கிடாம?"

"பெறவு இந்தப் பட்டைக்கு மட்டும் என்ன வந்துச்சி? கையில கட்டுனா நாடியப் பிடிச்சி ஆளக் காட்டிக் குடுத்துருது. இடுப்புல செருகிக்கிட்டா அதுக்கு நடை மட்டுந்தான தெரியும்? யாரு நடந்தா என்னக்கா, நடந்தாச் சரி."

கேட்டது புதிதில்லை, எல்லாருக்கும் உள்ளூரத் தெரிந்ததுதான். நடை குறைந்தால் பச்சை மஞ்சளாகும். மஞ்சள் சிவந்துவிட்டால் மறுநாள் காலை வெள்ளைப் படகு வந்து ஓய்வுத்தீவுக்குக் கூட்டிப் போகும். சிவந்தது மறுபடி பச்சையாவதில்லை. காய்ச்சல் வருடங்களில் வைத்தியர்கள் போதாமல், கால் தளர்ந்தவர்களையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. தீவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வைத்தியம் உண்டு, தோட்டம் உண்டு, மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு உண்டு. திரும்பி வரத்தான் வழி கிடையாது, போய்ப் பார்க்கவும் அனுமதி கிடையாது. காய்ச்சல் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. விதியை எடுத்துவிட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை நடைசாலையில் தஸ்நேவிஸ் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டுகிற பங்குனியில் முழுக்கை எதற்கு என்று அவள் அவர் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். பட்டையில் மஞ்சள் எரிந்தது. முழங்கால் கொஞ்ச நாளாகவே சொன்னபடி கேட்கவில்லை என்று திருடனைப் போலச் சிரித்தார். கடலுக்குள் தீவின் விளக்குகள் மூக்குத்திக் கற்கள் போலத் தெரிந்தன. இத்தனை வருடம் அழகென்று பார்த்த விளக்குகளை அன்றுதான் அவள் பயத்தோடு பார்த்தாள்.

மறுநாள் சுயம்புலிங்கத்தின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"அரிப்புதான் சார். உப்புக் காத்து, வேர்வை. பட்டைக்கு அடியில தோலு வெந்து போகுது."

"நெசமாவே அரிப்புதானா?"

"ஆமா சார்."

"எங்கம்மாவுக்கும் அரிப்புதாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்படியாகக் கவ்வி வந்தது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புப் பொருள், அதில் ஒரு பொட்டு வெளிச்சம். பெயரும் கிடையாது, குரலும் கிடையாது. சேலை இடுப்பிலும் வேட்டி மடிப்பிலும் சட்டைப் பையிலும் ஊர் அதைச் செருகிக்கொண்டது. ஒரே தாளத்தில் மூன்று கவ்விகள் அசைந்தால் நடையைக் கணக்கெடுக்கும் சாலைக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. ஆகவே தன்னோடு இன்னொருவரை மட்டும் சுமக்கலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே வருகிறவரின் இடுப்பில் இரண்டு பொட்டுகளைப் பார்த்தால் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

தினமும் மாலை வாசலில் நின்று தஸ்நேவிஸ்தான் அவள் இடுப்பில் கவ்வியைச் செருகிவிடுவார். "இந்தா, என் காலு. பத்திரம்," என்பார். அவள் அவரைச் சுமந்துகொண்டு நடப்பாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. மக்ரூன் கடையில் முந்திரியைக் குறைத்துவிட்டதையும், பாலத்தடியில் கொக்குகள் வந்து இறங்கியிருப்பதையும் இடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவாள். பக்கத்தில் நடப்பவர்களும் தத்தம் இடுப்போடு முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள். கடல் வெளிச்சம் மெல்ல நீலமாகும். உப்புக் குவியல்கள் வெளிறி மிதக்கும். இப்படியே எத்தனை காலமும் நடந்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் இரண்டாம் தடவை சொல்வாள். இதைத்தான் ஏற்கெனவே கேட்டேனே என்று அவர் கேலி செய்வார்.

கீழ்வீட்டில் விண்ணரசி என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். புருஷன் கப்பலில், கையில் பால்குடிப் பிள்ளை. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு எலும்பு சரியாகச் சேராமல் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். பாவம், இவளுக்காக யார் நடக்கிறார்களோ என்று ஜெர்மினா ஒன்றிரண்டு தடவை நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி.

ஐப்பசியில் ஒரு மாலை. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். தஸ்நேவிஸ் கவ்வியை எடுக்காமல், "செத்த உக்காரு," என்றார். அவர் சட்டைப் பையின் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

அவள் பையில் கைவிட்டு எடுத்தாள். அது ஒரு கவ்வி. சிவந்திருந்தது.

"இது யாருது?"

"எனக்குள்ளது."

"ஒங்களுக்குள்ளதத்தான் நான் தெனமும் கொண்டு போறேனே?"

தஸ்நேவிஸ் தரையைப் பார்த்தார். "நீ கொண்டு போனது விண்ணரசிக்குள்ளது. சாங்காலம் பிள்ளைக்கு மருந்து குடுக்கப் போற சாக்குல வாங்கிட்டு வருவேன். எனக்கு ஆபீஸ்ல வேற ஆளு நடக்குதாவன்னு அவகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன். எனக்குள்ளத வீட்டுக்குள்ளயே முடிஞ்ச மட்டும் நடந்து இம்புட்டு நாளு ஓட்டுனேன். அவ மேல கோவப்படாத."

மக்ரூனும் கொக்கும் அத்தனை மாலைகளின் பேச்சும் யாரிடம் போய்ச் சேர்ந்தன? கவ்விக்கு ஆள் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவளே பொய் சொல்லி அதைக் கொண்டுவந்தாள். அவர் கையில் பழைய பட்டை இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

"படகு எப்போ?"

"நாளைக்குக் காலைல."

"யாரக் கேட்டுக் குடுத்தீய?" அவள் கத்தினாள். "நான் நடந்த நடைய யாரக் கேட்டு அவளுக்குக் குடுத்தீய?"

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டாள். விண்ணரசி போனால் போகட்டும், என் புருஷன் இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கைப்பிள்ளையத் தீவுக்குள்ள விட மாட்டாவ, ஜெர்மி. தாய அங்க வச்சிட்டு பிள்ளைய இங்க யாரு பாப்பா? எனக்குன்னா நீ ஒருத்திதான். நீ சமாளிச்சிருவ."

"நான் சமாளிச்சிருவேன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேனா?"

தஸ்நேவிஸ் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் பிடிக்க விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே பிடித்துக்கொண்டாள்.

காலையில் வெள்ளைப் படகு சத்தமில்லாமல் வந்தது, சத்தமில்லாமல் போனது. கூட்டிப்போக வந்த பையன்கள் மரியாதையாக இருந்தார்கள், பெட்டியைக்கூட அவர்களே தூக்கினார்கள். தஸ்நேவிஸ் படகின் பின்புறம் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. படகு கரைந்து போன பிறகும் கை மட்டும் ஆடிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவருடைய தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மனுஷனா இவன் என்று அழுதாள். இனி கோபப்படக்கூட அந்த ஆள் இல்லை.

வெயில் சாய்ந்த நேரம் கதவு தட்டப்பட்டது. விண்ணரசி நின்றாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கை சுவரில். படியேறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா. மாதா சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெருவுல பேசிக்கிட்டாவ." விம்மினாள். "ஒங்க மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியத இல்ல. இனி நீங்க எனக்காண்டி நடக்க வேண்டாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் சேலையில் கவ்வி மினுங்கியது. பச்சைதான், ஆனால் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஜெர்மினாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உன்னால்தானே என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கவ்வியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.

நடைசாலையில் அன்று அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே வந்தவர்களை இடித்துக்கொண்டு நடந்தாள். கவ்விகள் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. கோபத்தையும் அழுகையையும் நடையென்றே எடுத்துக்கொண்டன. இரண்டு பொட்டுகள் ஒரே தாளத்தில் அசைந்தால், தம்பதி சேர்ந்து நடக்கிறார்கள் என்று சாலை கணக்கில் வைத்துக்கொள்ளும். அன்றும் அப்படியே வைத்துக்கொண்டு வழிநெடுகப் பச்சை காட்டியது. கடலுக்குள் தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன.

திரும்பி வரும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. விண்ணரசி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மினா கவ்வியைக் கழற்றி அவள் பக்கத்தில் வைத்தாள். நன்றாகப் பச்சையாகியிருந்தது.

"ஒம்மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் போகல," என்றாள். "அது போகும்போது போகட்டும். நாளைக்கு நீ படி ஏறி வராத. நானே வந்து வாங்கிக்கிடுதேன்."