ஈஸ்ட் காயவைத்த துணி

பகல் பத்து மணிக்குக் கரண்ட் போனதும் பக்கத்து நிட்டிங் கம்பெனியின் இரைச்சல் நின்றது. அப்போதுதான் மகுடேஸ்வரனுக்கு வேறொரு சத்தம் காதில் விழுந்தது. கட்டிலோரம் பீர் ஊறிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் கேன் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

நுரைக்கிறது, வேறென்ன என்று புரண்டு படுத்தான். துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடந்தாலும் கண் மட்டும் மூடித் தொலைய மாட்டேன் என்றது. அந்தப் பாழாய்ப்போன தூக்கத்துக்காகத்தான் பார்லியை முளைகட்டிக் காய்ச்சி இந்தப் பீரையே போட்டான். இலந்தைப்பழம் ஊறிய தண்ணீரின் அடிமண்டியைப் பனியன் துணியில் ஊற்றிக் காயவைத்தால் காட்டு ஈஸ்ட் பொருக்காக ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் சாகாது. துணியோடு கேனில் போட்டால் உயிர் வந்துவிடும். மூடியிலிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீர்ச் சொம்பில் முங்கியிருக்கும். வாயு குமிழியாக வெளியேறும்.

ஆனால் இந்தக் குமிழிகள் சீராக வரவில்லை. இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் மெல்லிய விசில். பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட மனைவியின் ஆஸ்துமா இழுப்பு அது.

"பூவாத்தா, இழுப்பு எப்படி இருக்குது?" என்றான்.

சமையல்கட்டில் படுத்திருந்த அவள் சொன்னாள்: "இன்னைக்கு இழுக்கவே இல்லீங்க. மூச்சே வேண்டாம்ங்கற மாதிரி இருக்குதுங்க. ஏனுங்க, பனியன் செக்கிங்ல மூக்குல பஞ்சு ஏறாம நான் மூஞ்சில கட்டற துணியக் கொடியில காணோம், பார்த்தீங்களா?"

அடக் கடவுளே! பனியன் துணிக்கா இந்த ஊரில் பஞ்சம்? வேஸ்ட் மூட்டை முழுசாகக் கிடக்க, ஈஸ்ட் காயவைக்க அலுப்பில் கைக்கெட்டிய கொடியிலிருந்து உருவியவன் அவன்தான்.

குழாயை மடக்கினான். குமிழி நின்றது. உள்ளே பூவாத்தாள் விக்கினாள். விட்டான். இரண்டும் சேர்ந்து மூச்சு விட்டன.

கேனைத் திறக்கவும் பயம், கொட்டவும் பயம். குழாய் மடங்காமல் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். அவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகை வந்தது. தூங்கக் கூடாது. தூங்கவே கூடாது.

விழித்தபோது வெயில் வாசலைத் தாண்டியிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

சத்தமே இல்லை.

முழங்கைக்கடியில் குழாய். மடங்கி.

உருவி நிமிர்த்தினான். சமையல்கட்டுக்கு ஓடினான். பாயில் பூவாத்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை.

பின்னால் சொம்பில் குமிழி வந்தது. இரண்டு குட்டை. ஒரு நீளம்.

"ஏனுங்க," என்றது கேன். "துணி கிடைச்சிருச்சுங்க."