சுரைக்குடுக்கைக் கயிறு

மதுரையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தொட்டியில் ஆகாயத்தாமரை பூத்திருந்தது. சோழபுரத்துக்காரர் பொன்னுராஜ் அதில் ஒரு செடியைக் கேட்டு வாங்கி வந்து ஊர்க் கண்மாயில் விட்டார். ஊரே போய் ஊதாப் பூவைப் பார்த்து வியந்தது.

அடுத்த வருஷம் யாரும் கண்மாய் வரை நடக்கவேண்டி இருக்கவில்லை. செடியே வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்துவிட்டது.

எலியேசரின் வயலில் அது நாற்றுகள்மேல் ஏறிப் படுத்தது. அள்ளி எறிந்தார். மறுநாள் புதிதாக வந்தது. வயலுக்கு மேலே வாய்க்காலின் குறுக்கே முள்படல் வைத்தார். படலில் செடி அடைத்துக்கொண்டது. தண்ணீரும் நின்றுபோனது.

கீழ்வயல்காரர் சமுத்திரம் ஓடி வந்தார்.

"எலியேசரு, ஒன் படல்ல தண்ணி நின்னுபோச்சு. என் வயலு வெடிச்சுக் கெடக்கு. படலை எடு!"

"எடுத்தா என் நாத்து அம்புட்டும் போயிரும்!"

"எடுக்காட்டி என் நாத்து கருகிரும்!"

இரண்டும் உண்மை. அதனால் சண்டை நன்றாக நடந்தது. கடைசியில் சமுத்திரம் படலைப் பிடுங்கி எறிந்தார்.

தேங்கிய தண்ணீர் பாய்ந்தது. கூடவே செடிகள் வந்தன. செடிகளுக்கு நடுவே, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிக்கொண்டிருந்த எலியேசரின் மகள் தேவகிருபையும் வந்தாள்.

"அப்பா, நான் போறேன்!"

"ஏட்டி, எங்கிட்டுப் போற?"

அக்கரையில் மேய்ந்த எருமையின் கயிறு வாய்க்காலின் குறுக்கே கிடந்தது. அதில் குடுக்கை மாட்டி அவள் நின்றாள். செடிகளும் அவள் முதுகில் முட்டி நின்றன. யார் இழுப்பது என்று எருமை திரும்பிப் பார்த்தது.

அப்பா தூக்க ஓடினார்.

"செத்த நேரம் இருங்கப்பா! செடி நிக்குது. தண்ணி எனக்கு அடியில ஓடுது! படல் வேண்டாம், கயிறு போதும்."

"வெறுங்கயிறு முங்கிருமே!"

தேவகிருபை கரையேறித் தன் குடுக்கையை அவிழ்த்து நீட்டினாள். ஒன்று போதாது. குடுக்கை கட்டிக் கரையில் நின்ற மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டாள்.

"குடுத்துட்டு நாங்க முங்கிச் சாகவா?" என்றாள் அவள் தோழி இன்பம்.

"சமுத்திரம் மாமா தாங்கிப் புடிப்பாவ."

"நானா?" என்றார் சமுத்திரம்.

"தண்ணி ஒங்க வயலுக்குத்தானே மாமா போவுது?"

சமுத்திரம் தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எலியேசரு, எம்புட்டு மூளைய்யா இவளுக்கு! யாரு மாதிரி?"

"அவ அம்மா மாதிரி."

எலியேசர் வயலுக்கு மேலே, குடுக்கைகள் கோத்த கயிறு வாய்க்காலில் மிதந்தது. செடிகள் அதில் வந்து வரிசையாக நின்றன. எலியேசர் நிதானமாக அள்ளிக் கரையில் போட்டார். தண்ணீர் மட்டும் அடியில் நுழைந்து சமுத்திரத்தின் வயலுக்குப் போனது.

சமுத்திரத்தால்தான் வயலுக்குப் போக முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"காலை அடிங்க! ஏட்டி, தண்ணியில அடி, என் மூஞ்சியில இல்ல!"

கதிர் முற்றுவதற்குள் தேவகிருபை குடுக்கை இல்லாமலே நீந்தினாள். கயிற்றுக்கு அடியில் முங்கி அந்தப் பக்கம் எழுந்தாள்.

ஆகாயத்தாமரைக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை.