பதினேழாவது வயர்

சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள் விண்ணரசி. அப்படியும், லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏழு வருஷமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறாள். ஒரே நெட்வொர்க் நம்பரை இரண்டு மிஷினுக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிற ஆபீஸ்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. இந்த தாலுக்கா ஆபீஸிலும் வேறொன்று எங்கோ ஒளிந்துகொண்டு சர்வர் பெயரில் பேசுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் விளையாட நேரமில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்து, கூலிவேலை செய்த பெண்கள் பத்தொன்பது பேருக்குக் கொடுத்த நிலத்தின் பட்டாப் பட்டியல் அந்த சர்வரில் இருக்கிறது. ஒளிந்து பேசும் அந்த இன்னொன்றைப் பிடிக்காமல் அதை அனுப்ப முடியாது. ஐந்து மணிக்குள் அது தஞ்சாவூருக்குப் போகாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் மிராசு பேரன்களின் கை ஓங்கிவிடும். பட்டியலில் கடைசிப் பெயர் மரியபுஷ்பம். விண்ணரசியின் அம்மா.

ஜன்னலுக்கு வெளியே தெரிவதே அந்த வயல்தான். ஐப்பசி மழையில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பத்தொன்பது பேரும் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மஞ்சள் சாக்கு, அம்மா.

ஆபீஸின் நெட்வொர்க் வயர்களெல்லாம் வந்து சேரும், சுவரிலிருந்த ஸ்விட்ச் பெட்டியில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தாள். பதினேழாவதைப் பிடுங்கியதும் பதில் நின்றது. அது பழைய ரெக்கார்டு ரூமுக்குப் போகிறது, ஆனால் அங்கே மிஷினே கிடையாது என்றார் கிளார்க் ரெத்தினம்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கரையான் அரித்த காகித வாசனை, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாகக் கிளறிய சேற்றின் வாடை. அலமாரிக்குப் பின்னால், சுவர் ஓட்டை வழியாக வெளியே இறங்கி, வயல் சேற்றுக்குள் போயிருந்தது வயர். இழுத்தாள். இறுகியது. பிறகு மெல்ல, அவள் கையிலிருந்து சேற்றுக்குள் இழுபட்டது.

கட்டரால் ஒரே வெட்டு. ரெத்தினம் இருந்த அறைக்கு ஓடிவந்தாள்.

"வெட்டிட்டேன் சார்."

"இன்னும் பதில் வருதேம்மா."

பதினேழாவது துளையில் வயர் செருகியிருந்தது. சேறு சொட்டியது.

லேப்டாப் திரையில் பட்டியல் தானாகத் திறந்தது. முதல் பெயர் நீலாம்பாள். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. விண்ணரசி ஜன்னலைப் பார்த்தாள். வரிசையில் முதல் சாக்கு இல்லை. மற்ற யாரும் தலை நிமிரவில்லை.

தங்கம்மாள். பொன்னுத்தாய்.

சர்வரின் கரண்டையே பிடுங்கினாள். அப்படியும் திரையிலிருந்து பட்டியல் மறையவில்லை. மூன்று பேரைக் காணோமே சார் என்று ரெத்தினத்தை உலுக்கினாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பட்டா எப்பவும் பதினாறு பேருக்குத்தானேம்மா."

அம்மா என்று கத்தினாள். மழைச் சத்தம். பன்னிரண்டு பேர். ஏழு. மூன்று.

வயலில் மஞ்சள் சாக்கு மட்டும், குனிந்தபடி, களை பறித்துக்கொண்டிருந்தது.

திரையில், மரியபுஷ்.