அட்டைப்படத்தில் என் கணவர்!

டெலிபோன் அலறியது!

'புதையல்' ஓடி வந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லில் கால் இடறி, "அம்மா!" என்று கத்தி, நொண்டியபடியே ரிசீவரை எடுத்தார்.

அது பதிப்பக முதலாளியின் அறை. முதலாளியின் டெலிபோன். ஆனால் புதுப் புத்தகம் வந்த வாரத்தில் புதையலைத் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாது. வாசகர்கள் பாராட்டக் கூப்பிடுவார்களே!

'புதையல்' என்பது வாசகர்கள் வைத்த பெயர். நாட்டின் மர்மமான பழங்காலத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். மண்ணுக்குள் போன நகரம், கடலுக்குள் போன கோட்டை... நாற்காலியை விட்டு நகராமலே எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடுவார். அது வாசகர்களுக்குத் தெரியாது.

"ஹலோ... எழுத்தாளர்தான் பேசறேன்!"

மறுமுனையில் ஒரு பெண் குரல். 

"'மூவாயிரம் வருஷ ராஜா'ன்னு ஒரு புஸ்தகம்... நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாம்மா! படிச்சீங்களா? எப்படி இருக்கு?"

"படிக்கலைங்க. என் பொண்ணு ஸ்கூல் லைப்ரரியிலிருந்து கொண்டு வந்தா. அட்டையை மட்டும்தான் பார்த்தேன்."

"அட்டை பிரமாதமா வந்திருக்கில்ல?"

"அட்டையில படுத்திருக்கறது ராஜா இல்லைங்க..."

"பின்னே?"

"என் வீட்டுக்காரர்!"

புதையலின் கையிலிருந்து ரிசீவர் நழுவியது.

* * *

மறுநாள் காலை. அதே அறை.

போன் செய்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. விரலில் ஊசி குத்திய தழும்புகள். எதிரே முதலாளி. மூலையில் இருந்த வாஷ்பேசின் கண்ணாடியில் தலையை ஒரு தரம் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் வியர்த்து வழியும் புதையல்.

நடுவில், தையல்காரியின் புகாரை நேற்றே வாங்கிக்கொண்ட பெண் இன்ஸ்பெக்டர். கையில் புத்தகம்.

அட்டையில், குழிக்குள் மல்லாந்து கிடந்தது ஒரு எலும்புக்கூடு. தொடை எலும்பில் பளபளவென்று ஒரு உலோகத் தகடு. தலைமாட்டில் ஒரு செங்கல். செங்கல்லில் மூன்று குறிகள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்தாள்.

"'எலும்பு முறிவுக்குத் தகடு பொருத்தும் கலையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இது என்ன உலோகம் என்று விஞ்ஞானம் இன்றும் திகைக்கிறது!' ஏன் சார், விஞ்ஞானத்தைக் கேட்டீங்களா?"

"இ... இல்லை மேடம்."

"கேக்காம அது எப்படி சார் திகைக்கும்?"

புதையல் கைக்குட்டையைத் தேடினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

தையல்காரி தலையைத் தூக்கவில்லை.

"அவர் இதே பிரஸ்ல பைண்டரா இருந்தாருங்க. எட்டு வருஷமாச்சு... ஒரு நாள் வேலைக்கு வந்தவர் வீட்டுக்கு வரல."

"எப்படி வருவான்?" முதலாளி பெருமூச்சு விட்டார். "ப்ரூஃப் பார்க்க வந்த பொண்ணோட ஓடிட்டான் மேடம். ரெண்டு பேரும் ஒரே வாரத்துல காணோம். நானே இந்தம்மா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாவம்..."

"ஆமாங்க. முதலாளி தங்கமானவர். அவர் மெஷின்ல விழுந்து தொடை எலும்பு உடைஞ்சப்பகூட முதலாளிதான் ஆஸ்பத்திரியில சேர்த்தார். பக்கத்துலயே இருந்து தகடு வெச்சுக் கூட்டிட்டு வந்தார்."

"எந்தக் கால்லம்மா தகடு?"

"வலது கால்ல."

இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா... இது இடது கால்."



புதையலுக்கு உயிர் வந்தது! "நான்தான் அப்பவே சொன்னேனே! மூவாயிரம் வருஷம் மேடம்! ஒரு நாள்கூடக் குறையாது!"

அவர் சிரித்தார். தையல்காரியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அப்போ ஓடித்தான் போனாரா? எட்டு வருஷமா தெருவுல தலை நிமிர்ந்து நடந்ததில்லைங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் எனக்குப் பேரு. இந்தப் படத்தைப் பார்த்ததும்... அவர் ஓடல, செத்துத்தான் போயிட்டார்னு... மனசு நிம்மதியாச்சு மேடம்! புருஷன் செத்திருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்! என்ன பொம்பளை நான்!"

யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வெட்கக்கேட்டை ஒரு மனிதர் இப்படி உடைத்துச் சொன்னால், கேட்பவருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகிறது.

"மேடம்..."

வாசலில் ஒரு குரல். பக்கம் வடிவமைக்கும் லே-அவுட்காரர். அட்டைகள் எல்லாம் அவர் கைவேலை. முகம் வெளிறியிருந்தது.

"அந்தப் படம்... அது நேர்ப் படம் இல்லை மேடம்."

"யோவ்! உனக்கு இங்க என்ன வேலை?" முதலாளி எழுந்தார்.

"உட்காருங்க!" இன்ஸ்பெக்டர் அதட்டினாள். "நீங்க சொல்லுங்க."

"இடம் வலமா திருப்பினேன் மேடம். தலைப்பு வைக்க இடம் பத்தலைன்னு திருப்பச் சொன்னாங்க. எங்க தொழில்ல சின்ன விஷயம் அது. மாடு, மரம், மலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல. மனுஷன் உடம்பைத் திருப்பக் கூடாது. தெரிஞ்சும் செஞ்சேன். வேலை போயிடும்னு இவ்வளவு நேரம் வெளியில நின்னு இந்தம்மா அழறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். நேராக வாஷ்பேசின் கண்ணாடியிடம் போய், புத்தகத்தின் அட்டையை அதற்கு நேராகப் பிடித்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க!"

கண்ணாடிக்குள் எலும்புக்கூடு திரும்பிப் படுத்திருந்தது.

தகடு வலது தொடையில்!

தையல்காரி கண்ணாடியைத் தொட்டாள். தகட்டை மெல்லத் தடவினாள்.

"புதையல் சார்... இந்தச் செங்கல்லைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"அது... பழங்கால எழுத்து மேடம். முதல்ல நாகம், அடுத்து பறவை, அடுத்து மலை. 'நாகத்தை வென்ற பறவை மலையை ஆண்டது'ன்னு..." 

"கண்ணாடியில படிங்க."

புதையல் படித்தார். மலை 'எம்' ஆகிவிட்டது. பறவை 'கே' ஆகிவிட்டது. நாகம்...

"எம்... கே... ரெண்டு."

இன்ஸ்பெக்டர் குனிந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன் முதுகிலும் அதே முத்திரை! எம்.கே. 2! செங்கல் சூளைக்காரனின் அடையாளம்!

நேற்றுத்தான் அந்த எழுத்தில் புதையல் கால் இடறினார்.

"சார், உங்க முன்னுரையில 'என் இரு கைகளால் மண்ணை விலக்கி நானே எடுத்த படம்'னு இருக்கு. அது உண்மைன்னா எட்டு வருஷத்துப் பிணத்தைத் தோண்டினது நீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போகணும். பொய்யா?"

புதையல் தலையைத் தூக்கினார்.  அவருடைய அத்தனை புத்தகங்களும் அலமாரியிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பொய் மேடம்."

"உரக்கச் சொல்லுங்க."

"எல்லாமே பொய்! நான் எந்தக் காட்டுக்கும் போனதில்ல. எந்தக் குழியிலயும் இறங்கினதில்ல. காட்டுக்குள்ள ஒரு குழியில எடுத்த படம்னு சொல்லிக் கொடுத்தார். நான் மூவாயிரம் வருஷத்தைச் சேர்த்தேன்." அவர் தையல்காரியைப் பார்த்தார். கண் கலங்கியது. "கூசுதும்மா... உங்க புருஷனை ராஜான்னு எழுதிப் பேர் வாங்கினேன்."

"படத்தைக் கொடுத்தது யாரு?"

"முதலாளி!"

"திருப்பச் சொன்னது யாருய்யா?"

"முதலாளிதான் மேடம்!" என்றார் லே-அவுட்காரர்.

முதலாளியின் தலை கலையாமல்தான் இருந்தது. முகம்தான் கலைந்துவிட்டது.

"அந்த ப்ரூஃப் பார்த்த பொண்ணை நேத்தே கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் இன்ஸ்பெக்டர். "வேற ஊர்ல வேலை கிடைச்சுத் தனியாத்தான் போயிருக்கா. ஜோடியைச் சேர்த்து வெச்சது நீங்கதான். பின்னால குடோன் கட்டறீங்களே, இதே செங்கல்லுல... அஸ்திவாரம் தோண்டறப்ப வெளியில வந்துட்டாரா?"

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடுத்தவங்க புத்தகத்தை நான் திருட்டுத்தனமா அச்சடிக்கறதை வெளியில சொல்லிடுவேன்னான். ஒரே ஒரு தள்ளு... தலை மெஷின் முனையில... ராவோட ராவா புதைச்சேன். தோண்டின ஆளுங்க எலும்பைப் பார்த்துட்டாங்க. பழங்காலத்து எலும்புன்னு புஸ்தகமே வந்துட்டா வாயை மூடுவாங்கன்னு நினைச்சேன். படத்தைக் காட்டினேன். நம்பிட்டாங்க. உள்ளே காடுன்னு எழுதியிருக்கறதை யார் படிக்கிறா?"

"சரி, உள்ளே எங்கயாவது சின்னதாப் போட்டிருக்கலாம். அட்டையில ஏன்யா போட்டே?"

முதலாளி தலை குனிந்தார்.

"விக்கும்னு தோணிச்சு."

வெளியில் காத்திருந்த கான்ஸ்டபிள் உள்ளே வந்து அவர் கையில் விலங்கை மாட்டினான்.

தையல்காரி அழவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு புதையலிடம் வந்தாள்.

"என் பொண்ணுகிட்ட உங்கப்பன் ஓடிப்போனவன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அப்பா பேரைச் சொல்லவே அவ கூசுவா. அந்தப் பாவம் என்னோடது. சார்... அவர் ஓடிப்போகலைன்னு நீங்க எழுதணும்."

"எழுதறேம்மா. சத்தியமா."

"நீங்க எழுதினா நம்புவாங்களா சார்?"

 பதினெட்டுப் புத்தகம் எழுதிய மனிதர் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தடவிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நம்புவாங்கம்மா, நம்புவாங்க! ஆனா ஒண்ணு சார்... இந்தத் தடவையாவது இடத்தை நேர்ல பார்த்துட்டு எழுதுங்க. காடு மலை எதுவும் தாண்ட வேணாம்... பின்கதவைத் தாண்டினா போதும்!"