உள்பக்கமாக மடித்த இலை

இலை மடிக்கப்பட்டிருந்தது.

விமலாதேவி வலைக்கதவைப் பிடித்தபடி பின்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் யூக்கலிப்டஸ் அடிக்கட்டையின்மேல் காகத்துக்கென்று வைத்த சோறும் பருப்பும் ஒரு பருக்கை மிஞ்சாமல் போயிருந்தன. அதில் ஒன்றுமில்லை. காகம் கொத்தியிருக்கும், அல்லது இந்த ஊர் மரங்களில் திரியும் பொஸம் என்ற பிராணி நக்கியிருக்கும். ஆனால் வாழையிலை கிடைக்காத ஊரில் அதற்குப் பதிலாக அவள் விரித்த அகலமான சில்வர்பீட் கீரை இலை, நடுவில் பிசகாமல் மடிக்கப்பட்டு, இரு விளிம்பும் வேலிப் பக்கமாகச் சேர்ந்து கிடந்தது. நல்ல காரியத்து விருந்தில் வயிறார உண்டவர்கள்தான் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள். இந்த வீட்டுக்கு இன்னும் வருவேன் என்று அதற்கு அர்த்தம். செத்தவீட்டில் வெளிப்பக்கமாக மடிப்பார்கள்.

அப்படியென்றால் சாப்பிட்டவர் வேலிப் பக்கம் இருந்திருக்கவேண்டும். அவளுடைய குசினி யன்னலைப் பார்த்தபடி.

அது 1974ஆம் ஆண்டின் குளிர்காலம். அவர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான ரோவிலில் அப்போது வீடுகளைவிட மாட்டுப் பட்டிகளே அதிகம். அவள் கணவன் மகேந்திரராஜா பக்கத்து நகரமான டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். வாடகை குறைவென்று இந்தப் பலகை வீட்டைப் பிடித்திருந்தான். அயல்வீடு இரண்டு பட்டிகளுக்கு அப்பால் இருந்தது. தொலைபேசி இல்லை. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று மதியம் சாப்பிட்டதும் இருந்த ஒரே காரையும் எடுத்துக்கொண்டு போனானென்றால், நடுச்சாமம்வரை விமலாவும் ஐந்துமாதக் குழந்தை சிறியும்தான்.

பின்வளவுக் கீரைப்பாத்தி அவர்கள் வரும்போதே இருந்தது. யார் போட்டதென்று தெரியாது. எவ்வளவு ஒடித்தாலும் இரண்டொரு நாளில் சில்வர்பீட் கருகருவென்று எழும்பி நின்றது. வேலியோரம் காட்டுப் பெருஞ்சீரகம் புதர்போல வளர்ந்திருந்தது. கறிவேப்பிலை இல்லாத குறைக்கு அவள் அதன் கொழுந்தைக் கிள்ளித்தான் தாளித்தாள். வீடு முழுக்க அந்த வாசம் ஏறிவிட்டிருந்தது, குழந்தையின் துணிகளில்கூட.

அன்று மதியம் நடந்தது இவ்வளவுதான். சனி விரதத்துக்குச் சமைத்து, இலையில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டாள். கம்பியில் இருந்த காகங்கள் இந்த ஊர்க் காகங்களின் வழக்கப்படி பிள்ளை அழுவதுபோல நீட்டி முனகினவே தவிர, ஒன்றும் இறங்கி வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. வந்த நாள்முதல் அவள் கையால் ஒரு விருந்தாளி சாப்பிட்டதில்லை. அந்த மனக்குறையில் வாய்விட்டுச் சொன்னாள்: "ஆரெண்டாலும் வந்து சாப்பிடுங்கோ."

கணவனிடம் இலையைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்தான்.

"பொஸம் இலையும் மடிக்குதாமோ? அப்ப அது யாழ்ப்பாணத்துப் பொஸமாத்தான் இருக்கும். அடுத்தமுறை பாயாசமும் வையும்."

"பகிடி விடாதையுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"தனிய இருந்து யோசிச்சு யோசிச்சு வாறது விமலா. கொஞ்சம் பொறும், கோடைக்கிடையிலை டண்டினோங் பக்கம் வீடு எடுப்பம்."

அடுத்த சனிக்கிழமையும் அவள் இலை வைத்தாள். வைக்காமல் விடப் பயமாக இருந்தது. காகங்களைக் கூப்பிடவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தபோது இலை மடிந்திருந்தது, மறுபடியும் வேலிப் பக்கமாகவே. விரித்துப் பார்த்தாள். ஓரமாக, தாளித்த பெருஞ்சீரகக் கொழுந்தும் செத்தல் மிளகாயும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. விரல்களால் எடுத்து ஒதுக்கியதுபோல ஒழுங்காக.

மூன்றாவது சனிக்கிழமை அவள் ஒன்றும் வைக்கவில்லை.

காலைமுதல் மழை. மகேந்திரராஜா போன கையோடு பின்கதவைத் தாழிட்டு, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையிலேயே இருந்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. பட்டியில் எங்கோ ஒரு மாடு விட்டுவிட்டுக் கத்தியது. பிறகு அதுவும் நின்றது. ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஓய்ந்த ஒரு இடைவெளியில் பின்வளவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சில்வர்பீட் தண்டை அடியோடு சேர்த்து ஒடிக்கும்போது வருகிற, நீர் நிறைந்த, மெல்லிய முறிவு. ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவசரமில்லாமல், நல்ல இலையாகத் தெரிந்தெடுத்து ஒடிக்கும் பெண்ணைப்போல.

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தாள். படியில் கீரை அடுக்கியிருந்தது. மண் போகக் கழுவி, தண்டின் நார் உரித்து, சட்டியில் போட ஆயத்தமாக.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கதவுக்கு ஓடினாள். மழையில் ஊறிப் பொருமிய கதவு அசையவில்லை. அதை மகேந்திரராஜாதான் தோளால் இடித்துத் திறப்பான். அவளும் இடித்தாள். பிள்ளை வீரிட்டான். திறந்தாலும் எங்கே போவது? விளக்கில்லாத ரோட்டில், ஈரக்குளிரில், இந்தச் சளிபிடித்த பிள்ளையோடு?

கூப்பிட்டவள் அவள்தான். அனுப்பவேண்டியவளும் அவள்தான். கடைசியாக ஒருமுறை சோறு போட்டு, போகச் சொல்லிவிட்டால்?

சிறிக்குப் பாலூட்டி உறங்கவைத்து, குசினிக்குப் பக்கத்து அறையில் தொட்டிலில் கிடத்தினாள். சோறு வடித்து, படியில் கிடந்த கீரையையே எடுத்துவந்து சமைத்தாள். உப்பு எவ்வளவு போட்டோமென்று தெரியவில்லை. எண்ணெயில் பெருஞ்சீரகம் பொரிந்தபோது அந்த வாசம் குசினி முழுக்கப் பரவியது. பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு, சட்டியும் இலையுமாகச் சேற்றில் இறங்கி அடிக்கட்டைவரை போனாள். இலையை விரித்துப் பரிமாறினாள். வேலிப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். விருந்தாளியிடம் ஒருநாளும் சொல்லாத சொல். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு தன்பாட்டில் மற்றதைச் சொன்னது.

"இதோட காணும். போட்டு வாங்கோ."

போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லிவிட்டோமென்று சொன்னபின்தான் உறைத்தது.

ஓடிவந்து கதவைத் தாழிட்டாள். சீலையை விரற்கடை விலக்கி, மூச்சுப் படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டில் அடிக்கட்டை தெரிந்தது. சோறு தெரிந்தது. அதன் ஆவி அடங்கிற்று. யாரும் வரவில்லை. வேலியோரத்துப் பெருஞ்சீரகம் அசையவில்லை. மழை மறுபடியும் பிடித்து, சோற்றின்மேல் விழுந்து, அதைக் கரைத்து இலைக்கு வெளியே ஒழுகவிட்டது.

தொடவில்லை. இன்றைக்கு அதற்குச் சோறு வேண்டாம்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

திரும்பினாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் மூடியிருந்தது. அதன் வாயில் ஒரு துளி நின்று விழுந்தது. மேசைமேல் வைத்திருந்த வெண்கலச் செம்பைக் காணவில்லை. கதவிலிருந்து உள்ளே சேற்றுக் கால்தடங்கள். அவளுடையவை. அவளுடையவைதான். அவற்றுக்குப் பக்கத்தில் ஈரம் மட்டும். மண்ணே இல்லாத, கால் கழுவிய ஈரம்.

மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள்.

முன்பு நாலு இருந்தன.

"சிறி," என்றாள்.

பக்கத்து அறையில் குழந்தை உறக்கத்தில் சப்புக்கொட்டுகிற சத்தம். பெருஞ்சீரக வாசம். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியும், பச்சையாக, இப்போதுதான் கிள்ளியதுபோல.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

தொட்டிலின் முன்பக்கக் கம்பித் தட்டு கீழே இறக்கப்பட்டிருந்தது. சிறி மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தான். சட்டை கழற்றியிருந்தது. சுற்றியிருந்த கம்பளி அழகாக மடித்துக் காலடியில் வைக்கப்பட்டிருந்தது. அவனுக்குக் கீழே சில்வர்பீட் இலைகள், விளிம்போடு விளிம்பு சேர்த்து, தொட்டில் முழுக்க விரித்துக் கிடந்தன. பரிமாறுவதற்குமுன் தெளிப்பதுபோல இலைகளிலும் அவன் வயிற்றிலும் தண்ணீர் தெளித்திருந்தது. பக்கத்தில் செம்பு.

தொட்டிலுக்கு நேரே நாலாவது கதிரை. வெறுமையாக.

அவளுடைய கால்கள் வாசலைத் தாண்டவில்லை.

கதிரையின் பிரம்பு கிறீச்சிட்டது. நடுவில் மெல்லத் தாழ்ந்தது. பிறகு கதிரை, ஒரு சாணளவு, தொட்டிலை நோக்கி இழுபட்டது.