மூச்சு இருக்கா நர்சம்மா

போடிமெட்டைத் தாண்டி ஜீப்பு மண்பாதையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. மூட்டம் மட்டும் விடவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே அது அசையாமல் படுத்துக் கிடந்தது. டிரைவர் தவசி பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

"அந்தா தெரியுதுல்ல, அதான் டிஸ்பென்சரி" என்றார்.

ஜெயபாக்கியத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கிட்டப் போன பிறகுதான் ஒரு தகரக் கூரை வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். அதுவரைக்கும் அவள் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் நர்சாக இருந்தவள். பிழைப்பாரா மாட்டாரா என்ற நிலையில் வருகிறவர்களை மட்டுமே வைத்துப் பார்க்கும் வார்டு அது. அங்கே வேலை கடினம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வார்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்களே, 'மூச்சு இருக்கா' என்று, அந்த ஒரு கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. லீவில் வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் அதே கேள்வி.

வேலையை விட்டுவிட்டு போடிக்கு வந்தபோது அண்ணன் சௌந்தரபாண்டியன் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தபடியே அவளுக்காக வழி தேடினார். நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கலாம். மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். ராசிங்காபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் எஸ்டேட் டிஸ்பென்சரியைச் சொன்னாள்.

"மலையிலயா? அங்க என்ன சோலி இருக்கும் ஒனக்கு?"

"அதான்ணே. அட்டைக்கடி, காய்ச்சல், வெட்டுக்காயம். அது போதும் எனக்கு."

டிஸ்பென்சரியில் இரண்டே அறை. முன்னறையில் மருந்து அலமாரியும் ஒரு கட்டிலும். உள்ளறையில் இன்னொரு கட்டில், அந்த அறைக் கதவுக்கு வெளியே கொண்டி மாட்டியிருந்தது. பெருக்கித் துடைக்க இருந்த ஒச்சம்மாள் ஐம்பது வயதுக்காரி, அதிகம் பேசாதவள். முதல் நாளே அந்தக் கதவைக் காட்டிச் சொன்னாள்.

"மூட்டம் எறங்குற நேரம் உள்ளருந்து ஒரு பொம்பள கூப்புடுவா. 'மூச்சு இருக்கா பாருங்க'ம்பா. பதில் சொல்லிராதீக. இருக்குன்னும் வேணாம், இல்லன்னும் வேணாம்."

ஜெயபாக்கியம் அவளையே பார்த்தாள்.

"யாரு அது?"

"மருந்தடிக்கிறவன் பொண்டாட்டி. செடிக்கு அடிக்கிற மருந்து ஏறி அவன் அந்தக் கட்டில்லதான் கெடந்தான். அன்னைக்கு இங்க நர்சும் இல்ல, யாரும் இல்ல. அவ ஒத்தையில மூக்குல வெரல வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. பொணத்த எடுக்க விடல. எடுத்தப்பெறகு மூட்டத்துக்குள்ள எறங்கிப் போனவ, திரும்பி வரல."

அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துத்தான் இவ்வளவு உயரம் ஏறி வந்திருந்தாள். ஜெயபாக்கியம் அன்று சாப்பிடவில்லை.

ஆனால் நாட்கள் சும்மாதான் போயின. காயத்துக்குக் கட்டுப் போட்டாள். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாள். கொண்டி போட்ட கதவு மரக்கதவாகவே இருந்தது. அவளுக்கு நல்ல தூக்கம் வர ஆரம்பித்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சோணையைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மருந்தடிக்கிற ஆள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சட்டை முழுக்க மருந்து நனைந்து, பூண்டு அழுகியதுபோல் ஒரு வாடை. வாயில் நுரை. கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன. பின்னாலேயே அவன் பெண்டாட்டி அன்னக்கொடி, செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

ஜெயபாக்கியத்தின் கைகள் அவளைக் கேட்காமலேயே வேலையைத் தொடங்கின. சட்டையைக் கிழித்தாள். உடம்பைக் கழுவச் சொன்னாள். விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியைப் போட்டாள், மறுபடி போட்டாள். தவசி மெட்டுக்கு லோடு ஏற்றப் போயிருந்தார். ஜீப்பை மறித்துக் கொண்டுவர ஒச்சம்மாளும் தூக்கி வந்தவர்களும் ஓடினார்கள்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

அப்போது சோணையின் மூச்சு நின்றது.

அலமாரியின் அடித்தட்டில், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ரப்பர் பை ஒன்று கிடந்தது. எடுத்து உதறி, முகமூடியை அவன் மூக்கிலும் வாயிலும் அழுத்திப் பிடித்தாள். இடது கையால் தாடையைத் தூக்கி, வலது கையால் பையை அமுக்கினாள். நெஞ்சு எழுந்தது. விட்டாள். தாழ்ந்தது. நாடி இருந்தது. இந்தக் கை நிற்காதவரை அவன் இருப்பான்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. மூட்டம் கம்பிகளுக்குள் கையை நீட்டி உள்ளே வந்தது.

ஈரத்துணி வாடை.

கொண்டி தானாகக் கழன்று கதவில் மோதும் சத்தம்.

"நர்சம்மா…"

அன்னக்கொடி புருஷனின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"நர்சம்மா, மூச்சு இருக்கா பாருங்க."

ஜெயபாக்கியம் பையை அமுக்கினாள். விட்டாள். பதில் சொல்லவில்லை.

உள்ளறை வாசலில் ஒருத்தி நின்றாள். தலைமுடி முகத்தோடு ஒட்டிக் கிடந்தது. சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய தண்ணீர் தரையில் சேரவில்லை.

"கையெல்லாம் இன்னும் சூடா இருக்கு. ஒரு தரம் வந்து பாருங்க."

"ஏன் நர்சம்மா இப்புடிக் குளுருது?" என்றாள் அன்னக்கொடி.

"நீ தேய்ச்சுக்கிட்டே இரு."

வாசலில் யாரும் இல்லை.

ஈரச்சேலைக்காரி இப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

வலது மணிக்கட்டில் ஐந்து விரல் விழுந்தது. ஆற்றுக் கல்லின் குளிர். பிடி இறுகி, உள்ளறைப் பக்கமாக இழுத்தது. பை கையிலிருந்து நழுவப் பார்த்தது. சோணையின் நெஞ்சு எழாமல் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

மதுரையில் இத்தனை வருஷம் கதவருகே நின்ற முகங்கள் எல்லாம் அந்த ஒரே முகத்தில் இருந்தன. அவர்களுக்கெல்லாம் டாக்டர் வந்து சொல்லுவார் என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். இங்கே டாக்டர் இல்லை. ஒச்சம்மாளின் எச்சரிக்கை நினைவிருந்தது. ஆனால் கை போய்க்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். "ஒங்க வீட்டுக்காரர் போயிட்டாரும்மா. அவருக்கு மூச்சு இல்ல. எப்பவோ போயிட்டாரு."

பிடி அப்படியே நின்றது.

"இந்தா, இவருக்கு இருக்கு. இவரு பொழைக்கணும். என் கைய விடுங்க."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

ஜெயபாக்கியம் பையை அமுக்கினாள். நெஞ்சு எழுந்தது. அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு, நர்சம்மா பேசிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம், சோணையின் முகத்துக்கு மேலே யாரோ குனிவதுபோல மூட்டம் குனிந்தது. பிறகு ஜீப்பின் ஹாரன் கேட்டது.

வளைவுக்கு வளைவு தூக்கிப் போட்ட அந்தப் பாதையில், போடி ஆஸ்பத்திரி வாசல்வரை ஜெயபாக்கியம் பையை விடவில்லை. இரண்டு நாள் கழித்து சோணை தானாக மூச்சுவிட்டான். அவள் வலது மணிக்கட்டில் ஐந்து கறுப்புத் தடம் இருந்தது. எப்படி என்று அண்ணன் கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"போதும் ஆத்தா. ராசிங்காபுரத்துப் பள்ளிக்கூடத்துல இன்னும் ஆள் போடல. வெரசா ஒரு முடிவு சொல்லு."

"அங்க மருந்தடிக்கிறவங்க நெறைய பேரு இருக்காங்கண்ணே. நான் வந்துட்டா அவங்களுக்கு மறுபடி யாரும் இல்ல" என்றாள். திங்கட்கிழமை தவசியின் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

உள்ளறை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மூட்டம் இறங்கிய நாட்களில் ஒச்சம்மாள் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "போயிட்டா போலருக்கு" என்றாள். கொண்டியை எடுத்துவிட்டு அந்தக் கட்டிலையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தை மாதம், நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், சோணையும் அன்னக்கொடியும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ஆள் தேறியிருந்தான். கும்பிட்டான். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் அன்னக்கொடியின் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இவுகளுக்கு ஒண்ணுமில்ல நர்சம்மா. நல்லாத்தான் இருக்காக" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நடுச்சாமத்துல முழிச்சா இவுக மூக்குக்குக் கீழ ஈரமா இருக்கு. யாரோ வெரல வச்சுப் பாத்துட்டுப் போன மாதிரி. தொடச்சாலும் நிக்க மாட்டேங்குது."

"எங்க, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள் ஜெயபாக்கியம்.

சோணை ஜன்னலோரம் முகத்தைத் தூக்கிக் காட்டினான். மேலுதட்டில், மீசைக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் மினுங்கியது. பஞ்சை எடுத்துத் துடைத்தாள். தோல் காய்ந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இடம் மெல்ல அமுங்கி, மறுபடி நனைந்தது.