வலுவயது எழுபத்து மூன்று

வலுவளவி அறையிலிருந்து வெளியே வந்த பரமார்த்தலிங்கத்தின் கையில், எண்பத்து நான்கு என்று அச்சிடப்பட்ட சீட்டு இருந்தது. அவர் பிறந்து எழுபத்தெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

தூத்துக்குடியில் எந்த மருத்துவமனையிலும் பிறந்த ஆண்டைக் கேட்பது வழக்கொழிந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கேட்பது வலுவயதை மட்டுமே. வலுவளவி என்பது இயந்திரமாகத் தோன்றாத இயந்திரம். பார்ப்பதற்கு ஒரு வெற்றறை. அதன் தரை நடையின் வேகத்தை அளக்கும். அதன் நாற்காலி, கையூன்றாமல் ஒருவர் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணும். அதன் குரல் ஐந்து சொற்களைக் கூறி, பத்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்கும். இரத்தத்தையும் எலும்பையும் இவற்றோடு சேர்த்துக் கணித்து, உடல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை ஓர் எண்ணாகத் தரும்.

பரமார்த்தலிங்கத்துக்கு வந்திருந்த புராஸ்டேட் புற்றுநோய்க்கு இம்முறை மிகவும் பொருந்தியது. முதியவர் பலரிடம் அந்நோய் மெல்ல நகர்வது. சிகிச்சையோ உடலை விரைந்து வாட்டுவது. ஆகவே, வலுவயது எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் முழுச் சிகிச்சை. எண்பத்திரண்டுக்கு மேலே இருந்தால் கண்காணிப்பு மட்டும். இடைப்பட்டோருக்கு மருத்துவர் முடிவு செய்வார்.

கண்காணிப்பே தங்களுக்கு நலம் பயக்கும் என்று மருத்துவர் நிலோஃபர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிரேன் ஓட்டிய பரமார்த்தலிங்கத்தின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: தேறவில்லை.

அவர் தேறியே ஆக வேண்டியிருந்தது. மனைவி சந்தனகனிக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தானாகவே மருந்து செலுத்தும் ஒட்டுப்பொறி அவளுடைய தோலுக்கு ஒவ்வாமல் புண்ணாகியது. ஆதலால் காலையும் மாலையும் இன்சுலின் பேனாவைத் திருகி, அளவு பார்த்து, ஊசி போடுவது அவருடைய வேலை. அவளுக்குப் பின் ஒரு நாளாவது தாம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

சில மாதங்களாக, காலை ஊசி போட்டு முடித்ததும், சன்னல் திரையின் இடப்பக்கத்தில் மாட்டியிருக்கும் துணிக் கிளிப்பை வலப்பக்கத்துக்கும், மாலை ஊசிக்குப் பின் மறுபடி இடப்பக்கத்துக்கும் மாற்றுவதை அவர் வழக்கமாக்கியிருந்தார். ஊசி போட்டாயிற்றா என்ற ஐயம் எழுந்தால் திரையைப் பார்த்துக்கொள்வார். கிளிப் என ஒன்று இருப்பதே சந்தனகனிக்குத் தெரியாது.

தேறாதவரை டியூஷனுக்கு அனுப்புவது இந்நாட்டின் நெடுநாள் வழக்கம். ஞானதிரவியம் வாத்தியார் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பல்லாண்டுகள் பயிற்சி அளித்தவர். அவரிடம் பயின்ற பிள்ளைகள் மருத்துவர்கள் ஆனார்கள். இப்போது அம்மருத்துவர்களிடம் செல்லும் முதியவர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். வகுப்பு நான்காம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நடந்தது. படியேறி வருவதே முதற்பாடம்.

"என்னவே, கப்பல் சரக்கையே தூக்கின ஆளு, நாக்காலிய விட்டு எந்திரிக்க இப்பிடி மொனங்குதீரு?" என்றார் வாத்தியார்.

"கிரேன்தான வாத்தியாரே தூக்குச்சு. நான் மேல உக்காந்துதான இருந்தேன்."

வகுப்பில் இருந்த இருபது முதியவர்கள் சிரித்தார்கள். நாளடைவில் முனகல் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் அவர் கையூன்றாமல் பதினான்கு முறை எழுந்தார். ஐந்தாம் மாதத்தில் படிகளில் நின்று மூச்சு வாங்குவது நின்றது. கால்களைப் பொறுத்தவரை அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

சொற்களின் நிலை வேறு. வலுவளவியிலிருந்து வெளியே வருபவர்கள், தம்மிடம் கேட்ட ஐந்து சொற்களை மறக்குமுன் வாத்தியாரிடம் ஒப்புவித்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவற்றை அவர் அறுபத்து நான்கு செட்டுகளாக அச்சிட்டு வைத்திருந்தார். பரமார்த்தலிங்கத்துக்கு மூன்றாவது சொல்லுக்கு மேல் நிற்கவில்லை.

"மூளைய நம்பி உக்காராதேயும்," என்றார் வாத்தியார். "வாயப் பழக்கும். மொத சொல்லு கெடச்சாப் போதும், மிச்சம் தன்னால வந்து விழும்."

ஏழாம் மாதத்தில் அவர் மறுபடியும் அவ்வறைக்குள் சென்றார். குரல் 'நண்டு' என்று தொடங்கியதும் அவர் வாய்க்குள் மணி, பாலம், சட்டை, இஞ்சி ஆகியவை வரிசையாக வந்து நின்றன. செட் பதினேழு. சீட்டில் எழுபத்து மூன்று என்று வந்தது. காத்திருப்புக் கூடத்தில் இருந்த அனைவருக்கும் முந்திரி மக்ரூன் இனிப்பு வழங்கிவிட்டு, ஒரு பொட்டலத்தை மருத்துவரின் மேசைமீதும் வைத்தார்.

நிலோஃபர் சீட்டைப் பார்த்தார்; பின்னர் அவரைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. எண்பத்து நாலுல இருந்தப்ப, இந்த நோய் உங்கள எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள உங்க நேரம் முடிஞ்சிருக்கும். இப்ப இன்னும் பன்னெண்டு வருசம் நல்லா இருப்பீங்க. அந்தப் பன்னெண்டு வருசம் நோய்க்கும் கெடச்சிருக்கு."

எனவே இப்போது சிகிச்சை தேவை என்றார். கதிர்வீச்சு, அதனுடன் ஆண்மைச் சுரப்பை நிறுத்தும் ஊசி இரண்டு ஆண்டுகள். அவ்வூசியால் தசை மெலியும், எலும்பு தேயும். சிலருக்கு நினைவில் மூட்டம் கவியும். நினைவு தளரத் தொடங்கியவர்களுக்கு அதைப் போடுவதில்லை; தங்களுக்கோ ஐந்துக்கு ஐந்து, ஆகவே அச்சமில்லை என்று கூறி ஒப்புதல் படிவத்தை நகர்த்தினார்.

பரமார்த்தலிங்கம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றியபோது அவருக்கு இன்சுலின் பேனாவும், திரையும், திரையில் இருந்த கிளிப்பும் நினைவுக்கு வந்தன. மூடியை மறுபடியும் மாட்டினார்.

"டாக்டரம்மா, அந்த அஞ்சு சொல்லும் நான் ஞாபகத்துல இருந்து சொல்லல. மனப்பாடம்."

நிலோஃபர் சினம் கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை எடுத்துக்கொண்டார்.

"ஞானதிரவியம் சார்கிட்டயா? நானும் அவர்கிட்ட படிச்சவதான்."

பிறகு எந்தச் செட்டிலும் இல்லாத ஐந்து சொற்களைத் தாமே கூறினார். இடைப்பட்ட பத்து நிமிடத்தில், வீட்டில் அவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்று கேட்டார். அவர் சந்தனகனியைப் பற்றியும் இன்சுலின் ஊசியைப் பற்றியும் சொன்னார். நேரம் முடிந்தபோது ஐந்தில் இரண்டு சொற்களே அவரிடம் எஞ்சியிருந்தன.

மருத்துவர் படிவத்தைக் கிழித்தார். கதிர்வீச்சு மட்டும், ஐந்து முறை, சுரப்பை நிறுத்தும் ஊசி வேண்டாம். டியூஷனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அந்தப் படிகளைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை என்றார். அத்துடன் அமையாமல், வலுவளவியை உருவாக்கியவர்களுக்கு விரிவான கடிதம் ஒன்றும் எழுதினார். எண்களை மட்டும் கேட்கும் இயந்திரம், ஒரு மனிதர் எதற்காக வாழ விரும்புகிறார் என்பதைக் கேட்பதில்லை என்பது அதன் சாரம்.

கடிதம் பயனளித்தது. ஓராண்டுக்குப் பின், நோய் அடங்கிய நிலையில் மறு அளவீட்டுக்குச் சென்ற பரமார்த்தலிங்கம், ஐந்து சொற்கள் நீக்கப்பட்டதாகக் கூடத்தில் கேள்விப்பட்டார். அவற்றுக்குப் பதிலாக, தாங்கள் இல்லாவிடில் வீட்டில் நடவாமற்போகும் செயல் யாது என்று வலுவளவி வினவுகிறதாம். விடைக்கேற்பச் சிகிச்சை அமையுமாம். அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்குப் பார்வை இல்லை, காலையும் மாலையும் நான்தான் இன்சுலின் போட வேண்டும். மீண்டும் அதே வாக்கியம். மீண்டும் அதே ஏற்ற இறக்கம்.

பரமார்த்தலிங்கம் உருகிப்போனார். "ஒங்க வீட்டம்மாவுக்கும் சர்க்கரையா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல அண்ணாச்சி," என்றார் அவர், கண்ணைத் திறவாமல். "செட் நாலு. பேச்சுக் குடுக்காதீங்க, மறந்துரும்."

அப்போது பரமார்த்தலிங்கத்தின் பெயர் அழைக்கப்பட்டது. நடந்தார், நாற்காலியிலிருந்து பதினாறு முறை எழுந்தார். குரல் புதிய வினாவை வினவியது. அவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: மனைவி, பார்வை, இன்சுலின்.

"இவ்விடை இதற்கு முன் நாற்பத்தாறு பேரால் கூறப்பட்டுள்ளது," என்றது வலுவளவி. "தங்கள் சொந்த விடையைக் கூறுக."

உண்மைக்கு அத்தாட்சியாக யாரும் பாடம் செய்திராத ஒன்று அவரிடம் இருக்கவே இருந்தது. அதைச் சொன்னால் மறதி வெளிப்பட்டு வலுவயது எண் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். கதவு நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுச் சன்னல் திரையில," என்று தொடங்கினார், "ஒரு துணிக் கிளிப்பு மாட்டியிருக்கேன்."